காலி நாற்காலிக்கு ஆள் தேடும் முன்: தூய எரிசக்தி நிதியத்துக்கு போர்டு உறுப்பினர் சேர்க்கும் வழி

போர்டில் ஒரு இடம் காலியானதும், "உங்களுக்குத் தெரிந்த நல்ல ஆள் யாராவது உண்டா?" என்று மற்ற உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் போவதுதான் வழக்கம். இரண்டு நாளில் மூன்று பெயர் வந்துவிடும். மூவரும் சோலார் ஆர்வலர்கள், மூவரும் ஏற்கெனவே இருக்கும் யாரோ ஒருவரின் நண்பர்கள். நாற்காலி நிரம்பும். ஆனால் கடன் விண்ணப்பத்தில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடிக்கும் ஆள் இன்னும் வந்திருக்க மாட்டார்.

இந்தக் கட்டுரை, நியமனக் குழுவில் முதல் முறையாக உட்காருகிறவர்களுக்கு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தை வைத்து எழுதுகிறோம். அங்கே 1996இல் மின்துறையைப் போட்டிக்குத் திறந்துவிடும் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக மின் நிறுவனங்களோடு ஏற்பட்ட உடன்பாடுகளில் பிறந்தவைதான் வட்டார எரிசக்தி நிதியங்கள். வெஸ்ட் பென் பவர், பிபிஎல், பீகோ, மெட்-எட், பெனெலெக் ஆகிய நிறுவனங்களின் பகுதிகளுக்கு இவை உண்டு. தூய எரிசக்தி, மின்சிக்கனத் திட்டங்களுக்குக் கடனும் மானியமும் தருவதே வேலை. தொடக்க மூலதனம் மின்நுகர்வோரின் பில் வழியாக வந்தது. ஊராரின் பணம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் பல கெடுபிடிகளுக்குக் காரணம் தானே விளங்கும்.

முதலில் பைலாவை எடுங்கள்

ஆளைத் தேடும் முன் காகிதத்தைப் பாருங்கள். பைலாவில், அதாவது நிதியத்தின் உள்விதிகளில், ஐந்து விஷயம் தெரிய வேண்டும்: மொத்த இடங்கள், பதவிக்காலம், மறுநியமன வரம்பு, கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை), கடைசி ஒப்புதல் யாருடையது. ஐந்தாவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். போர்டு வாக்களித்தால் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பென்சில்வேனியாவில் இந்த நிதியங்களின் நியமனங்கள் மின் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் ஒப்புதலுக்குப் போகும் வழக்கம் உண்டு. உங்கள் நிதியம் ஏதாவது சமுதாய அறக்கட்டளையின் கீழ் நடந்தால், அந்த அறக்கட்டளைக்கும் ஒரு வார்த்தை இருக்கும்.

அதனால் தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். நாற்காலி ஜூன் ஆண்டுக் கூட்டத்தில் காலியாகிறது என்றால், வேலை முந்தைய அக்டோபரில் தொடங்க வேண்டும். தேவைப் பட்டியலுக்கு ஒரு மாதம், அழைப்புக்கு ஆறு வாரம், நேர்காணலுக்கு ஒரு மாதம், பிறகு போர்டு வாக்கு, அதன்பின் ஆணையம். ஆணையத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்று அங்கேயே கேட்டு, மேலே முப்பது நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

எல்லோருடைய பதவிக்காலமும் ஒரே ஆண்டில் முடிகிறதா என்றும் பாருங்கள். ஒன்பது இடம், மூன்றாண்டுப் பதவி என்றால் ஆண்டுக்கு மூன்று பேர் மாற வேண்டும். நடுவில் விலகியவரின் இடத்துக்கு வருபவருக்கு மீதிக் காலத்தை மட்டும் கொடுங்கள். முழு மூன்றாண்டு கொடுத்தால் அடுக்கு குலைந்து, ஒரு நாள் ஆறு பேர் சேர்ந்து இறங்குவார்கள்.

யார் இல்லை என்று பாருங்கள்

ஒரு தாளில் இடப்பக்கம் இப்போதைய உறுப்பினர் பெயர்கள், மேலே தேவைப்படும் திறமைகள். கடன் மதிப்பீடு, கணக்கும் தணிக்கையும், மின்பொறியியல், ஒப்பந்தச் சட்டம், மின்கட்டண ஒழுங்குமுறை, விவசாயம், பள்ளி மற்றும் அரசுக் கட்டடப் பராமரிப்பு, குறைந்த வருமானக் குடும்பங்களின் மின்பில் பிரச்சினை. ஒருவருக்கு இரண்டு டிக்குக்கு மேல் போடாதீர்கள். நான்கு டிக் போட்டால் எல்லாத் தேவையும் தீர்ந்ததுபோல் ஒரு மயக்கம் வரும்.

எங்கள் கருத்தில் முதலில் நிரப்ப வேண்டியது கடன் மதிப்பீடு, கடைசியாக நிரப்ப வேண்டியது சோலார் ஆர்வம். ஆர்வம் கேட்காமலே வரும். பத்தாண்டுக் கடனைப் பார்த்து "இது திரும்பி வராது" என்று சொல்லும் ஆள் கேட்டாலும் லேசில் வரமாட்டார்.

கொள்கை படிக்கும் ஒருவரும் தேவை. பென்சில்வேனியா 2022இல் வடகிழக்கு மாநிலங்களின் கார்பன் ஏலக் கூட்டமைப்பில் (மின்நிலையங்கள் கார்பன் வெளியிடும் உரிமையை ஏலத்தில் வாங்கும் ஏற்பாடு) சேர்ந்தது. அந்த ஏற்பாடு நீதிமன்றத்தில் முடங்கியது. 2025 நவம்பரில் மாநிலம் விலகிவிட்டது. வரி கட்டாத அமைப்புகளும் சோலார் வரிச்சலுகையை ரொக்கமாகப் பெறும் வழியை 2022இன் கூட்டரசுச் சட்டம் திறந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் சோலார், காற்றாலைச் சலுகையின் காலத்தைச் சுருக்கியது: 2026 ஜூலை 4க்குள் கட்டுமானம் தொடங்க வேண்டும், இல்லையேல் 2027 முடிவதற்குள் இயக்கத்துக்கு வந்திருக்க வேண்டும். ஒரு பள்ளிக்கூடத் திட்டம் நிற்குமா விழுமா என்பது இந்தத் தேதிகளில் இருக்கிறது. அதைக் கவனிக்க ஊழியர்கள் மட்டும் போதாது.

அடுத்தது ஊர்க்கணக்கு. நிதியத்தின் எல்லை மின் நிறுவனத்தின் எல்லை, மாவட்டத்தின் எல்லை அல்ல. பிட்ஸ்பர்க் நகரம் டுகேன் லைட் நிறுவனத்தின் பகுதி. கிழக்கே கிரீன்ஸ்பர்க்கும், வெகுதூரம் தள்ளி ஸ்டேட் காலேஜும் வெஸ்ட் பென் பகுதி. போர்டு முழுவதும் நகரவாசிகளாகவே இருந்தால், நிதியம் சேவை செய்யும் ஊர்களிலிருந்து ஒருவரும் மேசையில் இருக்க மாட்டார்கள். வரைபடத்தில் உறுப்பினர் வீடுகளுக்கு ஒரு நிறப் புள்ளி, கடந்த ஐந்தாண்டில் பணம் போன இடங்களுக்கு இன்னொரு நிறப் புள்ளி வையுங்கள். எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

எத்தனை மணி நேரம் என்று உண்மையைச் சொல்லுங்கள்

ஒரு பக்கத்தில் பணிக்குறிப்பு எழுதுங்கள். "மாதம் சில மணி நேரம்" என்று மழுப்ப வேண்டாம். கூட்டிப் பாருங்கள்: ஆண்டுக்கு ஆறு கூட்டம், ஒவ்வொன்றுக்கும் கூட்ட நேரம் 3, ஆவணங்கள் படிக்க 4, பயணம் 2, ஆக 54 மணி. கடன் குழு பத்து முறை, தலா ஒன்றரை மணி, 15. கள ஆய்வு ஒரு நாள், 6. மொத்தம் 75 மணி, வாரத்துக்கு ஒன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. வருமானவரித் துறைக்கு ஆண்டுதோறும் போகும் 990 படிவத்தின் ஏழாம் பகுதியில் ஒவ்வொரு இயக்குநருக்கும், அதாவது போர்டு உறுப்பினருக்கும், சராசரி வார நேரத்தைக் குறிக்க வேண்டும். அங்கே எழுதும் எண்ணையே இங்கும் எழுதுங்கள்.

ஊதியம் இல்லை, பயணச் செலவு உண்டு என்பதையும் போடுங்கள். 1997இன் கூட்டரசுத் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம், செலவை ஈடுகட்டும் தொகை நீங்கலாக ஆண்டுக்கு 500 டாலருக்கு மேல் எதுவும் பெறாதவர்களைத்தான் தன்னார்வலராகக் கொள்கிறது. அன்பளிப்பாக ஒரு 'கௌரவத் தொகை' கொடுக்க யாராவது யோசனை சொன்னால் இந்த வரம்பை நினைவுபடுத்துங்கள். தனிப்பட்ட இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து அந்தச் சட்டம் தரும் பாதுகாப்பும் வேண்டுமென்றே செய்த தவறுக்கோ மிகப்பெரிய அலட்சியத்துக்கோ கைகொடுக்காது.

எங்கே தேடுவது

ஓய்வுபெற்ற சிற்றூர் வங்கிக் கடன் அதிகாரிகள், கடன் சங்க மேலாளர்கள், இவர்கள்தான் தங்கச் சுரங்கம். கடன் கொடுக்கத் தெரியும், வசூலிக்கவும் தெரியும், இனி எந்த வங்கியோடும் சம்பந்தமில்லை. அடுத்து, பென் ஸ்டேட் பல்கலைக்கழக வேளாண் விரிவாக்க மையங்களின் மாவட்ட அலுவலர்கள் நல்ல பால்பண்ணைக்காரர்களின் பெயர் சொல்வார்கள். பள்ளி மாவட்டங்களின் கட்டடப் பராமரிப்பு அதிகாரிகள், ஏழை வீடுகளுக்குக் குளிர்காப்பு வேலை செய்து தரும் சமுதாயச் செயல் அமைப்புகள், மின்பணியாளர் தொழிற்சங்கம், கணக்காளர் சங்கம் ஆகியவையும் பட்டியலில் இருக்கட்டும். கடனை முழுவதும் அடைத்துவிட்ட பழைய பயனாளிகளை மறந்துவிடாதீர்கள். விண்ணப்பம் போட்டவர் படும் பாட்டை அறிந்தவர்கள் அவர்கள்.

வெளிப்படையான அழைப்பு ஒன்றும் இருக்க வேண்டும். இணையதளத்திலும் உள்ளூர்ச் செய்தித்தாளிலும் ஆறு வாரம். நம் தமிழ்ச் சங்கத்தில் ஆள் பிடிக்கும் பாணியில், கோயிலில் பார்த்தவரை "நீங்களே இருந்துடுங்க சார்" என்று கேட்டு முடிப்பது இங்கே உதவாது. ஊரார் பணத்தை யார் கையில் கொடுத்தோம் என்று ஆணையமும் நிருபரும் கேட்கலாம். அப்போது காட்ட ஒரு தடயம் வேண்டும்.

பென்சில்வேனியாவின் இலாபநோக்கற்ற நிறுவனச் சட்டப்படி, பைலா வேறு மாதிரி சொல்லாவிட்டால், இயக்குநர் அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. எனவே "சட்டம் விடாது" என்று நல்ல ஆளைத் தட்டிக் கழிக்கும் முன் உங்கள் பைலாவில் அப்படி வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பாலுக்குக் காவல், பூனைக்குத் தோழன்

முழு வேலையிலும் கடினமான இடம் இது. சோலார் தெரிந்தவர் சோலார் தொழிலில் இருப்பார். கடன் தெரிந்தவர் கடன் கொடுக்கும் வங்கியில் இருப்பார். எவருடைய அறிவு உங்களுக்கு மிக அதிகம் தேவையோ, அவரே வாக்கெடுப்பின்போது மிக அதிகம் எழுந்து வெளியே போக வேண்டியவராகவும் இருப்பார்.

எனவே நலமுரண் (சொந்த ஆதாயமும் நிதியத்தின் நலனும் மோதும் நிலை) படிவத்தை நேர்காணலுக்கு முன்பே வாங்குங்கள். பிடித்துப்போன பிறகு வாங்கினால் எல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். படிவத்தில் கேட்க வேண்டியவை: அவரும் துணைவரும் வேலை செய்யும் நிறுவனங்கள், பங்குகள், மற்ற போர்டுகள், இந்த நிதியத்திடம் நிலுவையில் உள்ள விண்ணப்பம் அல்லது ஒப்பந்தம், குடும்பத்தில் யாராவது ஒப்பந்தக்காரரா என்பது. பதவியேற்ற பிறகு ஆண்டுதோறும் இதே படிவம். இந்த ஆண்டு வெளிப்படுத்தலைப் பற்றி 990 படிவத்தின் ஆறாம் பகுதியும் கேட்கிறது.

அதே படிவத்தின் முதல் பக்கத்தில் வாக்குரிமையுள்ள உறுப்பினர் எத்தனை, அவர்களில் சுதந்திரமானவர் எத்தனை என்று அடுத்தடுத்த வரிகளில் எழுத வேண்டும். ஊழியராகச் சம்பளம் வாங்குபவரும், தனி ஒப்பந்தக்காரராக 10,000 டாலருக்கு மேல் வாங்குபவரும் சுதந்திரமானவர் ஆகமாட்டார். படிவம் பொது ஆவணம். ஒன்பதுக்கு நான்கு என்று அங்கே இருந்தால் யார் கண்ணிலும் படும்.

இப்போது வாக்கை எண்ணிப் பாருங்கள். ஒன்பது பேர் போர்டு, கோரம் ஐந்து. ஒரு பள்ளி மாவட்டத்துக்கு 3,00,000 டாலர் கடன் மேசைக்கு வருகிறது. ஜூலை மாதம், இருவர் விடுமுறையில். வந்த ஏழு பேரில் ஒருவரின் நிறுவனம்தான் அங்கே பேனல் மாட்டப்போகிறது. இன்னொருவரின் வங்கி மீதிக் கடனைத் தருகிறது. மூன்றாமவரின் மனைவி அந்தப் பள்ளி மாவட்டத்தில் அதிகாரி. மூவரும் வெளியே. நான்கு பேர் மிச்சம். மாநிலச் சட்டம் நலமுரண் உள்ளவரையும் கோரத்துக்கு எண்ண இடம் தருகிறது, ஆனால் உங்கள் பைலா அதைவிடக் கடுமையாக இருக்கலாம். எண்ணலாம் என்றே வைத்தாலும், மூன்று பேர் கை தூக்கினால் மூன்று லட்சம் போய்விடும். நாளிதழில் இது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

இதைத் தவிர்க்க, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு சோதனை செய்யுங்கள். கடந்த இரண்டாண்டுத் தீர்மானங்களை எடுத்து, இவர் இருந்திருந்தால் எத்தனை முறை ஒதுங்கியிருப்பார் என்று எண்ணுங்கள். இருபதில் ஒன்றிரண்டு என்றால் கவலை இல்லை. ஐந்தாறு என்றால் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவில் வாக்கில்லாத இடம் கொடுங்கள். அறிவு கிடைக்கும், வாக்கு மாசுபடாது. பத்து என்றால் நன்றி சொல்லி அனுப்புங்கள்.

பொதுத் தொண்டு நிறுவனமாகப் பதிவான நிதியத்தில் உள்ளாட்கள் (போர்டு உறுப்பினர், உயரதிகாரி, அவர்களின் குடும்பத்தார் போன்றோர்) நியாயத்துக்கு மேல் ஆதாயம் அடைந்தால், வருமானவரிச் சட்டத்தின் 4958ஆம் பிரிவு பாயும். மிகுதியாகப் பெற்ற தொகைக்கு 25 சதவீத வரி, திருப்பிச் சரிசெய்யாவிட்டால் 200 சதவீதம். தெரிந்தே ஒப்புதல் கொடுத்த இயக்குநர்களுக்கும் 10 சதவீதம், ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 20,000 டாலர். சொந்தப் பையிலிருந்து கட்ட வேண்டும். இதை வேட்பாளரிடம் மறைக்காதீர்கள். கேட்டதும் ஓடுபவர் ஓடட்டும்.

நேர்காணல்

இருவர் சேர்ந்து நடத்துங்கள், 45 நிமிடம், எல்லோருக்கும் அதே கேள்விகள். "ஏன் எங்களோடு சேர விரும்புகிறீர்கள்?" என்பதற்கு எல்லோரும் அழகாகப் பதில் சொல்வார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. "போர்டில் நீங்கள் தனியாக எதிர்த்து வாக்களித்த ஒரு சமயம்?" என்று கேளுங்கள். அதைவிடச் சிறந்தது, இரண்டு பக்கக் கற்பனை விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்து பத்து நிமிடம் படிக்கவிடுவது.

ஒரு மாதிரி: பால்பண்ணைக் கூரையில் 100 கிலோவாட் சோலார். கேட்கும் கடன் 1,00,000 டாலர், 5 சதவீத வட்டி, பத்தாண்டு. ஆண்டுத் தவணை ஏறக்குறைய 12,950 டாலர். விண்ணப்பத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,450 யூனிட் உற்பத்தி என்று போட்டிருக்கிறது. யூனிட்டுக்கு 11 சென்ட் வீதம் சேமிப்பு 15,950 டாலர். தவணையைப்போல் 1.23 மடங்கு, பார்க்க நன்றாக இருக்கிறது.

ஓட்டை அந்த 1,450இல். மேற்குப் பென்சில்வேனியாவின் மேகமூட்ட வானத்துக்கு 1,150ஐ ஒட்டி எதிர்பார்ப்பதே பத்திரம். பிவிவாட்ஸ் என்ற இலவசக் கணிப்பானில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். 1,150 என்று போட்டால் சேமிப்பு 12,650 டாலர்தான், தவணைக்கே போதாது. பொறியாளர் உற்பத்தி எண்ணைப் பிடிப்பார். வங்கிக்காரர் "பால்விலை சரிந்தால் தவணை எங்கிருந்து வரும்?" என்பார். விவசாயி "அந்தக் கூரை எத்தனை வயசு?" என்று கேட்பார். மூன்றும் நல்ல பதில்கள். "அருமையான திட்டம், பூமிக்கு நல்லது" என்று மட்டும் சொல்பவர் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை. அவருக்கு நன்கொடையாளர் பட்டியலில் இடம் உண்டு, கடன் குழுவில் இல்லை.

வேட்பாளரும் உங்களைக் கேள்வி கேட்க வேண்டும். இயக்குநர் பொறுப்புக் காப்பீடு எவ்வளவு, வாராக்கடன் எத்தனை, கடைசித் தணிக்கையில் என்ன குறை சொன்னார்கள் என்றெல்லாம் கேட்பவரைக் கெட்டியாகப் பிடியுங்கள். அந்தக் காப்பீடு பெரும்பாலும், கோரிக்கை எழும் நேரத்தில் பாலிசி நடப்பில் இருந்தால்தான் செல்லும் வகை. இன்றைய தீர்மானத்துக்கு மூன்றாண்டு கழித்து வழக்கு வந்தால், வழக்கு வரும் நாளில் நடப்பில் உள்ள பாலிசிதான் பேசும். பாலிசியை நடுவில் விட்டுவிடும் நிதியங்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

பிறகு இரண்டு பேரிடம் விசாரியுங்கள். அதில் ஒருவர் அவர் முன்பு இருந்த போர்டின் தலைவராக இருக்கட்டும். "வருவாரா, படித்துவிட்டு வருவாரா?" என்ற ஒரே கேள்வி போதும்.

சேர்த்த பிறகு

வாக்கெடுப்புக்கு முன் ஒரு கூட்டத்தில் பார்வையாளராக உட்காரவையுங்கள், கடன்தாரர் விவரம் பேசும் பகுதி நீங்கலாக. ஆணைய ஒப்புதல் வேண்டுமென்றால், அது கிடைக்கும்வரை வாக்கு இல்லை, இணையதளத்தில் பெயரும் இல்லை.

முதல் தொகுப்பில் வைக்க வேண்டியவை: பைலா, நிதியத்தை உருவாக்கிய உடன்பாட்டு ஆணை, வரிவிலக்குக் கடிதம், கடைசி மூன்று 990 படிவங்கள், தணிக்கை அறிக்கை, ஒரு வருட மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள்), கடன் பட்டியல். கடன் பட்டியலில் 30, 60, 90 நாள் தாண்டிய நிலுவைகள் தனியாகத் தெரிய வேண்டும். புதியவர் முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பக்கம்தான், ஆனால் பல தொகுப்புகளில் அது கடைசியில் கிடக்கும்.

முதல் மூன்று மாதத்தில் ஒரு பழைய உறுப்பினரைத் துணைக்கு விடுங்கள். ஒரு நல்ல திட்டத்தையும் ஒரு கெட்டுப்போன திட்டத்தையும் நேரில் காட்டுங்கள். பெரும்பாலும் நல்லதை மட்டும் காட்டி வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள்.

மின்னஞ்சல் வாக்கைப் பற்றியும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பென்சில்வேனியாவில் கூட்டமின்றித் தீர்மானம் போட, இயக்குநர் அனைவரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஒன்பதில் ஏழு பேர் "ஓகே" என்று பதில் போட்டால் அது தீர்மானம் ஆகாது. அவசரம் என்றால் தொலைபேசிக் கூட்டம் வையுங்கள்.

தொடர்ந்து மூன்று கூட்டம் வராதவர்களை ஒப்புக்குச் சப்பாணியாக வைத்திருக்க வேண்டாம். பைலாவில் வருகை விதி இருந்தால் தலைவர் ஒரு போன் போட்டு, விலகல் கடிதத்துக்கு மரியாதையாக வழி செய்துகொடுக்கலாம். விதி இல்லையென்றால் அடுத்த ஆள் தேடலுக்கு முன் அதைச் சேருங்கள். தேர்வாகாமல் போன நல்ல வேட்பாளர்களின் பெயர், டிக் போட்ட அந்தத் தாள், நலமுரண் படிவம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். நடுவில் யாராவது விலகினால், அக்டோபர்வரை காத்திராமல் அந்தக் கோப்பைத் திறந்து முதல் போனைப் போடலாம்.